பெஞ்சின் சரித்திரம்

கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கோல் போட்டவனைப் பற்றியே எழுதுகிறார்கள். கோலைத் தடுத்தவனுக்கு அரைப் பக்கம் கிடைக்கும். நடுவரின் மேல் கோபம் இருந்தால் அவருக்கும் ஒரு பத்தி கிடைக்கும். மைதானத்தின் ஓரத்தில், சட்டை கசங்காமல், பூட்ஸில் மண் ஒட்டாமல், தொண்ணூறு நிமிஷமும் பெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறானே ஒருவன், அவனைப் பற்றி எழுதுவார் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. சட்டம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது, ஒளித்து வைத்தலும் ஓடிப் போதலும் இருக்கின்றன. ஒரு தொடர்கதைக்கு வேண்டிய சகல சாமான்களும் அந்தப் பெஞ்சின் அடியில் கிடக்கின்றன.

எனக்கு இந்த விஷயத்தில் சிரத்தை உண்டானதற்குக் காரணம் எங்கள் ஊர்தான். அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் நான் குடியிருக்கிறேன். ஒரு காலத்தில் வயலாக இருந்த பூமி. தொழிற்பேட்டை வந்தது; வயல் மனையாயிற்று; மனை மாடி வீடாயிற்று. கட்டடம் எழும்பாமல் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு காலி மனைகளில் சாயங்கால வேளைகளில் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். எல்லா மனைக்கும் சொந்தக்காரர் உண்டு. ஆகையால் எங்கள் ஊர் மைதானம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இடம் மாறிவிடும். மைதானமே இடம் மாறுகிற ஊரில் ஆட்டக்காரன் இடம் மாறலாமா கூடாதா என்று ஒரு கேள்வி எழுந்தது வேடிக்கைதான்.

கேட்டவன் எங்கள் தெருப் பையன். வயது பத்தொன்பது. பட்டணத்து லீக்கில் மேல் டிவிஷன் ஆடும் கிளப் ஒன்றில் பெயர் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷத்தில் அவன் களத்தில் ஓடிய நேரத்தைக் கூட்டினால் ஒரு சினிமாவின் இடைவேளை வரைகூட வராது.

"இருந்து பார்க்கறதா, வேற கிளப்புக்குப் போயிடறதா சார்? கீழ் டிவிஷன் டீம் ஒண்ணு கூப்பிடறாங்க. அங்கே போனா எல்லா மேட்ச்சும் ஆடலாம். ஆனா அம்மா, 'பெரிய இடத்தை விட்டுட்டு யாராவது சின்ன இடத்துக்குப் போவாங்களாடா?'ங்கறாங்க."

நாவல் எழுதுகிறவனிடம் கேட்கவேண்டிய கேள்வியா இது? என் கதாநாயகனுக்கு இப்படி ஒரு தர்மசங்கடம் நேர்ந்தால் அத்தியாயத்தை அங்கேயே முடித்துத் 'தொடரும்' என்று போட்டுவிடுவேன். பையனிடம் அப்படிச் சொல்ல முடியுமா? இதே கேள்வியை அவனுக்கு முன்னால் கேட்டவர்கள் யார், அவர்கள் கதி என்ன ஆயிற்று என்று முதலில் பார்ப்போம் என்று நினைத்தேன்.

பந்தாட்டத்தைத் தொழிலாக ஆக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். 1885-ல் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பது நியாயமே என்று ஒப்புக்கொண்டார்கள். பத்து வருஷம் ஆவதற்குள் சம்பளக்காரனைக் கட்டி வைக்கும் கயிறும் தயாராகிவிட்டது. 1893-ல் வந்த ஏற்பாடு இது: ஒப்பந்தக் காலம் முடிந்து போனாலும் ஆட்டக்காரனுடைய பதிவு கிளப்பின் கையிலேயே இருக்கும். கிளப் மனமுவந்து விடுவித்தாலொழிய லீக்கில் வேறு எங்கும் அவன் ஆட முடியாது. அவனை ஆட வைக்கவும் வேண்டாம், சம்பளம் கொடுக்கவும் வேண்டாம், வெளியே விடவும் வேண்டாம். நம் பக்கத்துப் பண்ணையார்கள்கூட இவ்வளவு நேர்த்தியாக யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம். 1912-ல் கிங்கபி என்ற ஆட்டக்காரர் ஆஸ்டன் வில்லா கிளப்பின் மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். அதன் பிறகு அரை நூற்றாண்டு அந்தக் கயிறு அவிழவில்லை.

அவிழ்த்தவர் பெயர் ஜார்ஜ் ஈஸ்தம். நியூகாசில் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர். ஒல்லியான தேகம், நயமான கால். குடியிருக்கக் கொடுத்த வீடு, பார்க்கக் கொடுத்த வேலை இவற்றையெல்லாம் பற்றி அவருக்கும் கிளப்புக்கும் மனஸ்தாபம். 1960-ல் ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி கையெழுத்துப் போட மாட்டேன், என்னை விட்டுவிடுங்கள் என்றார். கிளப் விடவில்லை. ஈஸ்தம் என்ன செய்தார் தெரியுமா? பந்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தெற்கே ஒரு நண்பரிடம் போய்த் தக்கை விற்கும் வேலையில் அமர்ந்தார். இங்கிலாந்தின் தேர்ந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் மாதக்கணக்கில் புட்டிக்கு அடைக்கும் தக்கை விற்றார்! இதை நான் கதையில் எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் அடித்திருப்பார்.

அந்த வருஷக் கடைசியில் நியூகாசில் இறங்கி வந்து 47,500 பவுனுக்கு அவரை ஆர்செனலுக்கு விற்றது. அதோடு அவர் சமாதானமாகியிருக்கலாம். ஆட்டக்காரர் சங்கம் துணை நிற்க, வழக்கை மேலே நடத்தினார். 1963-ல் நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரனைப் பிடித்து வைப்பது அவன் தொழிலுக்கு நியாயமற்ற தடை. வாரத்துக்கு இருபது பவுனுக்கு மேல் எவனுக்கும் சம்பளம் கிடையாது என்றிருந்த உச்சவரம்பு அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1961 ஜனவரியில், ஒழிந்திருந்தது.

நம் தேசத்துக்கு வருவோம். இங்கே அப்படிப்பட்ட விதி அவசியப்படவில்லை. அங்கே பதிவுப் புத்தகம் செய்த காரியத்தை இங்கே சம்பளப் பட்டியல் செய்தது. சென்னையில் பந்தாட வந்த ஏழை வீட்டுப் பிள்ளை கிளப்பைத் தேடவில்லை, இலாகாவைத் தேடினான். ரயில்வே, துறைமுகம், பாங்கி, போலீஸ், 1955-ல் பெரம்பூரில் திறந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை. பந்து உதைக்கத் தெரிந்தவனுக்கு இவற்றில் ஒரு நாற்காலி உண்டு. மகன் சென்டர் பார்வர்டா லெப்ட் அவுட்டா என்பது அம்மாவுக்குத் தெரியாது. அவன் 'பர்மனென்ட்' ஆகிவிட்டானா என்பது தெரியும். அப்படி உத்தியோகம் கிடைத்தவனுக்குப் பெஞ்சு ஒரு தண்டனையே அல்ல. ஆடினாலும் ஆடாவிட்டாலும் முதல் தேதி சம்பளம் வரும். முழங்கால் போனாலும் மேஜை இருக்கும். கிளப் மாறுவது என்றால் வேலையை விடுவது என்று அர்த்தம். எவன் விடுவான்? அன்று ஒருவன் காத்திருந்ததைப் பொறுமை என்று சொல்வதைவிட வீட்டுக் கணக்கு என்று சொல்வதே பொருத்தம். அதில் இழிவு ஒன்றுமில்லை என்பதே என் அபிப்பிராயம்.

இந்தக் கணக்கைப் போட்டவர்களில் தலைசிறந்தவர் வங்காளத்தின் பி.கே. பானர்ஜி. 1954-ல் கல்கத்தா ஆரியன் கிளப்பில் ஆடினார். மறு வருஷம் கிழக்கு ரயில்வேக்குப் போனார். போனவர் போனவர்தான், 1967-ல் ஆட்டத்தை விடும் வரையில் அங்கேயே இருந்தார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய கிளப்புகளில் ஒன்றில்கூட ஆடாமல் ஒருவர் கல்கத்தாவில் புகழ் பெற முடியும் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவரோ 1958-ல் ரயில்வே அணிக்கே லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்; 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கினார். பெரிய இடத்தை விட்டுச் சின்ன இடத்துக்குப் போவார்களா என்று கேட்ட மேனாம்பேட்டு அம்மாளுக்கு இது பாதிப் பதில். மீதிப் பாதி என்னவென்றால், அந்தச் சின்ன இடத்தில் அவர் வாரந்தோறும் ஆடினார்.

அதே கல்கத்தாவில் இடம் பெயர்ந்து பெயர் பெற்றவர்களும் உண்டு. அவர்களில் பலர் நம் தென்னாட்டார். ஈஸ்ட் பெங்காலின் 'பஞ்ச பாண்டவர்' என்று வங்காளிகள் கொண்டாடிய ஐந்து முன்வரிசைக்காரர்களான வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் விந்தியத்துக்கு இப்பால் பிறந்தவர்கள். 1949, 1950, 1951 என்று அடுத்தடுத்து மூன்று வருஷம் ஐ.எப்.ஏ. கேடயத்தை அந்தக் கிளப்புக்குக் கொண்டு வந்தார்கள். இலை மீனும் சோறும் தவிர மற்றதெல்லாம் அந்நியமான ஊரில், பாஷை தெரியாத பையன்களை லட்சோப லட்சம் பேர் தோளில் தூக்கினார்கள். சொந்த ஊரில் காத்திருந்தால் இது வாய்த்திருக்குமா?

கல்கத்தாவில் கிளப் மாறும் பருவம் என்பது ஒரு திருவிழா. பெரிய கிளப்பின் ஆட்டக்காரர்கள் எதிர்க் கிளப்பாரின் கண்ணில் படாதபடி ஹோட்டல்களிலும் அபிமானிகள் வீடுகளிலும் ஒளித்து வைக்கப்படுவார்கள். ஐ.எப்.ஏ. அலுவலகத்தில் ஆட்டக்காரன் பெயருக்கு ஒரு 'டோக்கன்' கொடுக்கும் முறை பிற்காலத்தில் வந்தது. டோக்கன் எந்தக் கிளப்பின் கைக்குப் போயிற்றோ, ஆட்டக்காரனும் அந்தக் கிளப்புக்குப் போயாயிற்று. கலியாணப் பெண்ணைத் தூக்கிப் போகும் பழைய கதைகள் நினைவுக்கு வருகின்றன. இந்த அமளியெல்லாம் களத்தில் நன்றாக ஆடியவர்களுக்காகத்தான் என்பதைக் கவனிக்கவேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தவனை எவரும் ஒளித்து வைக்கவில்லை. அவன் கதவைத் திறந்துகொண்டு நடந்து போனாலும் தடுப்பார் இல்லை.

துளசிதாஸ் பலராமின் கதை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1936-ல் செகந்தராபாத்துக்கு அருகில் அம்முகுடா என்ற சிற்றூரில் பிறந்த ஏழைப் பிள்ளை. ஹைதராபாத்தின் மகா ஆசான் ரஹீம் சாகிப் அவரைத் தேர்வுக்கு அழைத்தபோது, பட்டணத்துக்கு வந்து போக வாடகைச் சைக்கிளுக்குக் காசில்லை. ரஹீமே கொடுத்தார் என்று சொல்வார்கள். 1957-ல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். ரோமில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் அவரே. 1961-ல் அவர் தலைமையில் ஈஸ்ட் பெங்கால் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு லீக் பட்டம் வென்றது. எல்லாம் இருந்தும் கிளப்போடு கசப்பு மூண்டது. 1963-ல் பி.என்.ஆர். என்ற ரயில்வே அணிக்குப் போய்விட்டார். போன வருஷமே நுரையீரல் உறையில் நோய் கண்டு, இருபத்தேழாவது வயதில் ஆட்டம் முடிந்தது. புகழைக் கிளப் கொடுத்தது. புகழ் முடிந்த பிறகு இருந்த நீண்ட ஆயுளை (2023 வரை வாழ்ந்தார்) ரயில்வேயை வைத்துத்தான் ஓட்டினார். பழைய கிளப்பின் மேலிருந்த வருத்தம் கடைசி வரை ஆறவில்லை.

காத்திருப்பதும் இல்லாமல், கிளப் மாறுவதும் இல்லாமல் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டவர் பீட்டர் தங்கராஜ். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்தராபாத்தின் சிறு கிளப்புகளில் ஆடிவிட்டு 1953-ல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாகச் சேர்ந்தார். அப்போது அவர் ஆடியது சென்டர் பார்வர்ட். கோல் போடும் வேலை. நல்ல நெடிய உருவம், நீண்ட கை. அவர் கிளப்பை மாற்றவில்லை. களத்தில் தாம் நின்ற இடத்தை மாற்றிக்கொண்டு கோல் காக்கப் போய்விட்டார். 1955-லும் 1958-லும் மெட்ராஸ் ரெஜிமென்ட் டூரண்ட் கோப்பையை வென்றது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று அவரைச் சொன்னார்கள். பட்டாளத்தை விட்ட பிறகு கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளிலும் ஆடிவிட்டார். பி.கே. ஒன்றிலும் ஆடவில்லை, இவர் மூன்றிலும் ஆடினார்; இருவருக்கும் அர்ஜுனா விருது கிடைத்தது.

இந்தத் தங்கராஜின் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்திப் பார்க்கவேண்டும். 1962-ல் ஜாகர்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. தங்கராஜுக்குக் காய்ச்சல். முன் ஆட்டங்களில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன் என்ற இளைஞர். இந்தியா இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரணி தென் கொரியா. முதல் சுற்றில் நம்மை 2–0 என்று தோற்கடித்தவர்கள். தங்கராஜுக்கு உடம்பு தேறிவிட்டது. ரஹீம் அவரையே நிறுத்தினார். பர்மன் வெளியே உட்கார்ந்தார். லட்சம் பேர் கூடி இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட அந்த மைதானத்தில் நாம் 2–1 என்று ஜெயித்தோம். பி.கே. ஒரு கோல், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். ரஹீமின் முடிவு சரியென்று முடிவே காட்டிவிட்டது. இருந்தாலும் கதை எழுதுகிறவனுக்குப் பர்மனின் முகம்தான் கண்ணில் நிற்கிறது. அவர் அங்கே எதற்காகவும் காத்திருக்கவில்லை. கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

தங்கராஜின் கதையை மட்டும் பையனிடம் சொன்னேன். "எனக்குக் கோல்கீப்பராப் பிடிக்காது சார்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டான்.

பிறகு காலம் மாறிற்று. 1995 டிசம்பரில் பெல்ஜியத்து ஆட்டக்காரர் போஸ்மனின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தவன் காலணா விலையில்லாமல் போகலாம் என்று சொல்லிவிட்டது. ஈஸ்தம் தொடங்கியதை அவர் முடித்தார். நம் நாட்டிலும் தொழில்முறைக் கிளப்புகள் தோன்றின. 1997-ல் எப்.சி. கொச்சின் பிறந்தது; அந்தக் கிளப்புக்கு ஆடித்தான் நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன் 1997–98 தேசிய லீக்கில் பத்துக் கோல் போட்டு முதலிடம் பெற்றார். சில வருஷங்களில் கொச்சின் மறைந்தது. மகீந்திரா 2010-ல் மூடிற்று. முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. 2011-ல் மூடிற்று. இலாகாவுக்குப் பதிலாகக் கிளப் வந்தது. ஆனால் இலாகாவைப் போலக் கிளப் நிலைத்து நிற்கவில்லை. இப்போது பெஞ்சில் காத்திருக்கிறவன், பெஞ்சு நாளைக்கும் அங்கே இருக்குமா என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டியிருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்து மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்பில் ஆடிப் பெயர் வாங்கி, 2018-ல் ஜாம்ஷெட்பூருக்கு மாறினார். அவர் விட்டுப் போன மறு பருவமே, 2019 மார்ச்சில், சென்னை சிட்டி ஐ-லீக் பட்டத்தை வென்றது. "அவசரப்பட்டுவிட்டாரே!" என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். அவர் மறுபடி மாறிக் கல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குப் போய் 2020-ல் ஐ.எஸ்.எல். பட்டம் பெற்றார், இறுதியில் தோற்றது நம் சென்னை அணி. இதற்குள் சென்னை சிட்டியின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறத் தொடங்கினார்கள்: எட்வின் வன்ஸ்பால் சென்னையின் எப்.சி.க்கு, ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கு. 2020–21-க்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை. ஆக, சூசைராஜ் போனது சரி என்று எழுதலாமா? 2020 நவம்பரில், புதுப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவருக்கு முழங்காலில் காயம் பட்டு அந்தப் பருவமே போயிற்று. எந்த வருஷத்தில் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கிறோமோ அதற்குத் தக்கபடி தீர்ப்பும் மாறுகிறது. அவர் மாறினாலும் மாறாவிட்டாலும் களத்தில் ஆடிக்கொண்டிருந்தார் என்பது மாத்திரம் மாறவில்லை.

இன்றைக்கு விதிகளுக்குக் குறைவில்லை. உலகச் சங்கமான ஃபிஃபா 2001-ல் வகுத்த சட்டத்தில் பெஞ்சுக்கென்றே ஒரு ஷரத்து வைத்தார்கள். நிலைபெற்ற தொழில்முறை ஆட்டக்காரன் ஒரு பருவத்தில் கிளப்பின் அதிகாரபூர்வமான ஆட்டங்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஆடியிருந்தால், அதையே காரணமாகக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கலாம். பதினெட்டு வயது ஆகாதவனை மூன்று வருஷத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் பிணைக்கக் கூடாது. ஒரு பருவத்தில் மூன்று கிளப்புகளில் பதிவு செய்துகொள்ளலாம், ஆடுவது இரண்டில்தான். பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்து விட்ட கிளப்புகளுக்கு, பையன் முதல் தொழில் ஒப்பந்தம் செய்யும்போது பயிற்சிக்கான ஈட்டுத்தொகை உண்டு. நல்ல விதிகள்தாம். ஆனால் 'நிலைபெற்ற', 'தொழில்முறை' என்ற இரண்டு சொற்களைத் தாண்டி உள்ளே வர எங்கள் தெருப் பையனால் முடியாது. அவன் சம்பளம் வாங்குகிறவன் அல்ல. பயிற்சிக்குப் போக ரயில் பாஸுக்கு அம்மாதான் காசு கொடுக்கிறாள்.

"நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருந்தது?" என்று அவனைக் கேட்டேன்.

"படிக்கலை சார். போடச் சொன்னாங்க, போட்டேன்."

"நகல்?"

"குடுக்கலை."

1893-ல் லங்காஷயர்ப் பையன்களும் இப்படித்தான் போட்டிருப்பார்கள். முதலில் போய் நகலைக் கேட்டு வாங்கு, உன் பதிவு யார் கையில், எந்தத் தேதி வரையில் இருக்கிறது என்று தெரிந்துகொள் என்றேன். அதற்குப் பிறகு, கூப்பிடுகிற கிளப்பில் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்று கேள். 'பெரிய கிளப்பா' என்று கேட்காதே என்றேன். பத்தொன்பது வயதில் பையன் வளர்வது ஆடும் நிமிஷங்களில்தான். உத்தியோகம் கொடுக்காத பெஞ்சில் உட்காருவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அவன் நகலுக்காகப் போய்விட்டு வந்தான். அடுத்த வாரம் வரச் சொன்னார்களாம்.

இதற்கிடையில் 2025-ல் வேறொரு விசித்திரம் நிகழ்ந்தது. தேசத்தின் முதல் லீக்கான ஐ.எஸ்.எல்., அதை நடத்தும் ஒப்பந்தத்தில் சிக்கல் வந்து, வழக்கமான பருவத்தில் தொடங்கவே இல்லை. புதுப் பருவத்தில் அந்த வருஷம் முடியும் வரை ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. சில கிளப்புகளில் சம்பளம் நின்றது, பயிற்சி நின்றது. தலைமை ஆட்டக்காரனும் பெஞ்சுக்காரனும் ஒரே மாதிரி வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மாறிப் போவதற்கு வேறு கிளப்பும் இல்லை. எல்லாக் கிளப்பும் காத்திருந்தன.

ஈஸ்தமின் கதையில் பாக்கி கொஞ்சம் இருக்கிறது. பெஞ்சில் உட்காரச் சம்மதிக்காமல் தக்கை விற்கப் போனவரை 1966 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து அணியில் சேர்த்தார்கள். இங்கிலாந்து கோப்பையை வென்றது. ஈஸ்தம் ஓர் ஆட்டத்திலாவது இறக்கப்படவில்லை. ஆரம்பம் முதல் இறுதி வரை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். இறுதியாட்டம் ஆடிய பதினொருவருக்கு மாத்திரம் அன்று பதக்கம் கொடுத்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களுக்கும் பதக்கம் உண்டு என்று ஃபிஃபா பின்னால் முடிவு செய்து, 2009-ல் கொடுத்தது. அப்போது ஈஸ்தமுக்கு வயது எழுபத்திரண்டு.